முதல் பைட்

ஜாம்பஜாரிலிருந்து தில்ஷாத் கூப்பிட்டார்.
ஜெராக்ஸ் கடை. பின்னால் யாரோ மிக்ஸியை
ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"மேடம், உங்க சைட்டுல எறக்குன ஃபைலு
எங்கிட்ட தொறக்குது. பிரிண்டும் வருது.
காலேஜு சைட்டுல ஏத்துனா மட்டும்
இது பிடிஎஃப்பே இல்லேங்குது."

பெருங்குடி, மூன்றாம் மாடி. மணி இரண்டே கால்.
ஐந்துக்கு விண்ணப்பம் மூடுகிறார்களாம்.
பியூலா என்ற பெண் பக்கத்தில் நிற்கிறாளாம்,
காலையிலிருந்து நான்கு தடவை இறக்கிவிட்டாளாம்.
மூன்றாவதிலிருந்து இவர் காசு வாங்கவில்லையாம்.

"பேரு வேற அடிக்கோடு அடிக்கோடா வருது மேடம்."

அது எனக்குத் தெரியும்.
மாற்றுச் சான்றிதழ் என்று தமிழில்தான் பெயர் வைத்தோம்.
அந்தப் பெயரை அனுப்பும் ஹெடரில்
எழுத்தெழுத்தாக உடைத்து, சதவீதக் குறி போட்டு,
வருவது யுடிஎஃப் எட்டு என்று
முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.
ஆகஸ்டில் செய்கிறேன் என்று டிக்கெட் போட்டேன்.
இப்போது டிசம்பர்.
பெயர் போனால் போகட்டும்,
என் ரேஷன் கார்டிலேயே எனக்கு
ஒரு துணைக்கால் கிடையாது.
அப்படியே நடந்துபோய்த்தான் சர்க்கரை வாங்குகிறேன்.

கோப்பை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன்.
சர்வரில் இருப்பதும் அவளிடம் இருப்பதும்
நாற்பத்தோராயிரத்து இருநூற்றெட்டு பைட்.
எடை சரி.
எடை சரியாக இருந்ததுதான்
அரைமணி நேரம் என்னை ஏமாற்றியது.

பிரித்துப் பார்த்தேன், எண் எண்ணாக.
ஒரு பிடிஎஃப் இருபத்தைந்து, ஐம்பது,
நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு என்று தொடங்கும்.
இதில் அதற்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்.
சுழியம், ஏ. புதுவரி.
நீளம் இவ்வளவுதான் என்று நானே அறிவித்திருந்ததால்
முன்படியில் இவர் ஏறியதும்
பின்படியில் தொங்கியவர்
சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார்.

முப்பத்தெட்டுக் கோப்புகளைத் திறந்து மூடினேன்.
அமைப்புகளுக்கான கோப்பில், முடிவுக்குறிக்கு அப்பால்,
இரண்டு வரி சும்மா கிடந்தது.
ஒன்றை பிஎச்பியே விழுங்கிவிடும்.
மற்றது வெளியே வந்து
போகிற ஒவ்வொரு சான்றிதழின் தலையிலும்
ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.
போட்டது யார் என்று பார்த்தேன்.
நான். வெள்ளிக்கிழமை, மாலை ஆறு நாற்பது.

கவிதையில் வெற்று வரி நிறைய விட்டிருக்கிறேன்,

சொல்லாததெல்லாம் அதில் இருக்கிறது என்று.
இங்கே அதன் மதிப்பு பத்து.
வேறொன்றும் அதில் இல்லை.

அழித்தேன். அனுப்புமுன் பஃபரைக் காலிசெய்ய
ஒரு கட்டளையும் சேர்த்தேன்.
ஒப்புதல் தரவேண்டிய ஞானவேந்தன் பறக்கும் ரயிலில்.
சிக்னல் போய்ப் போய் வந்தது.
திருவான்மியூரில் இறங்கித் தட்டினார். மூன்று ஐம்பது.

"இன்னொரு தடவை எறக்குங்க."
"அதேதான் மேடம் வருது."
பிரவுசர் பழையதையே பத்திரமாக வைத்திருக்கிறது.
மறக்கச் சொல்லும் வரியையும்
நான் அனுப்பியதில்லை.
"கேஷ் க்ளியர் பண்ணுங்க."
"எது மேடம், காசா?"
"வரலாற்றை அழிங்க."
சிரித்தார். அழித்தார்.

நான்கு முப்பத்தொன்றுக்கு "ஏறிடுச்சு" என்றார்.
பியூலாவின் குரலை நான் கேட்கவே இல்லை.
யாரோ இரண்டு ஆதார் கலரில் கேட்டார்கள், வைத்துவிட்டார்.

டீ ஆறிப்போயிருந்தது.
வெள்ளி மாலையிலிருந்து எத்தனை பேர் என்று
லாகைத் திறந்தேன்.
முன்னூற்றுப் பதினேழு பதிவிறக்கங்கள்.
சிலர் இரண்டு தடவை, மூன்று தடவை,
நேற்றிரவு ஒன்றரை மணிக்கு ஒருவர் ஒன்பது தடவை.
யாரும் கூப்பிடவில்லை.
ஒவ்வொரு வரிக்கும் எதிரே சர்வர்
இருநூறு என்று எழுதிவைத்திருக்கிறது.
இருநூறு என்றால்
எல்லாம் சரி.